கர்க்கடகத்தில் பால்காய்ச்சு

புது வீடு கட்டி முடித்த பிறகும் பதினான்கு மாதம் நாங்கள் அதன் பின்னால் இருந்த தகர ஷெட்டில்தான் குடியிருந்தோம். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் இதென்ன கூத்து என்பார்கள். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் இருக்கிற எங்கள் ஊர்களில் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். பழைய வீட்டை இடித்து அதே இடத்தில் புதியது கட்டுகிறவர்கள் பின்பக்கம் ஒரு ஷெட் போட்டு அதில் ஒதுங்குவது இங்கே வழக்கம். வீடு முடிந்ததும் நல்ல நாள் பார்த்து, சொந்தபந்தமெல்லாம் கூடி, பால்காய்ச்சு நடத்தி உள்ளே போக வேண்டும். மற்ற ஊர்களில் கிரகப்பிரவேசம் என்பதைத்தான் நாங்கள் அப்படிச் சொல்கிறோம். அது நடக்காமல் புது வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது, பாய் விரிக்கக் கூடாது. எங்களுக்கு நல்ல நாட்கள் நிறையக் கிடைத்தன. ஒரே மகன் கல்ஃபில் இருந்தான், அவனுக்கு லீவு கிடைக்கவில்லை.

நான் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பாதிக் காலத்துக்கு மேல் பூவார், பொழியூர் பக்கம் ஓடின வண்டிகள். நேரம் ஆனால் வண்டியைக் கிளப்ப டபுள் பெல் அடித்துவிடுகிற ஆள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. நல்ல பெயர் என்று சொல்ல முடியாது. குடையை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறவர்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி பெல் அடித்திருக்கிறேன். வராத ஒருத்தருக்காக வந்து உட்கார்ந்திருக்கிற அறுபது பேரை வெயிலில் வேகவைக்க முடியுமா என்று டிரைவரிடம் வக்கணையாகப் பேசுவேன். வீட்டுக்கு வந்தும் அதே பேச்சுதான். என் மனைவி அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவள்.

அவள் பொழியூர்க்காரி. அவள் பிறந்த வீட்டைக் கடல் கொண்டுபோனது. ஒரே நாளில் அல்ல, சில வருடங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக. முதலில் முற்றம், பிறகு முன்பக்க அறை, பிறகு கிணறு. அடுக்களை மட்டும் மிச்சம் இருந்தபோதும் அவள் அம்மா அதில் சோறு வைத்துக்கொண்டிருந்தாராம். கூரை ஓடுகளை இறக்க ஆள் வந்து நின்ற அன்றைக்கும் உலையை இறக்காமல் வெளியே வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். இதை அவள் வருத்தத்தோடு சொல்லி நான் கேட்டதில்லை. வீடு இருக்கிற வரைக்கும் அதில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்பது போலச் சொல்வாள். அந்தக் கதையின் அர்த்தம் எனக்குப் பிடிபட ரொம்ப நாள் ஆனது.

வீடு முடிந்த முதல் மூன்று மாதம் மகனின் கம்பெனியில் யாருக்கும் லீவு இல்லை என்றார்கள். அதன் பிறகு லீவு கிடைத்து, நாளும் குறித்து, பந்தல்காரனிடம் பேசி முடித்த வாரத்தில் எங்கள் பங்காளி ஒருவர் இறந்துபோனார். பதினாறு நாள் தீட்டு. குறித்த நாள் அதற்குள் விழுந்தது. மகன் டிக்கெட்டை ரத்து செய்தான், அவனுடைய லீவு வேறொருவருக்குப் போனது. மூன்றாவது தடவை அவன் வேலை பார்க்கிற இடத்தையே மாற்றிவிட்டார்கள். புது இடத்தில் சேர்ந்தவுடன் லீவு கேட்க முடியாது என்றான். நான் சரி மக்கா, அவசரமில்லை என்றேன். அவசரமில்லை என்று சொல்ல என்னை யார் கேட்டார்கள் என்று இப்போது நினைக்கிறேன். ஷெட்டுக்குள் சமைத்துக்கொண்டிருந்தவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அந்த ஷெட் மத்தியான நேரத்தில் அப்பளம் பொரிக்கிற சட்டி போல இருக்கும். மழை வந்தால் தகரத்தில் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. காலையில் எங்கள் வேலை முடிந்ததும் அவள் துடைப்பமும் வாளியும் எடுத்துக்கொண்டு புது வீட்டுக்குப் போவாள். யாரும் வசிக்காத வீடு, இருந்தாலும் தூசி விழும். தரையைக் கூட்டித் துடைத்து, ஜன்னல் கம்பிகளைத் துணியால் உருவி, அடுக்களையில் பதித்த வெள்ளை டைல்ஸைக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டு, கதவைப் பூட்டிச் சாவியோடு ஷெட்டுக்குத் திரும்பி வந்து அடுப்புப் பற்றவைப்பாள். பதினான்கு மாதமும், முடிந்த நாளெல்லாம் இதைச் செய்தாள். வாளியோடு என்னைக் கடந்து போகும்போது, "இந்த வண்டிக்கு டபுள் பெல் எப்பளாக்கும்?" என்று கேட்பாள். நான் சிரிப்பேன்.

ஒரு தடவை அவள் சிரிக்காமல் கேட்டாள். மகன் மூன்றாவது முறையும் வர முடியாது என்று சொன்ன மறுநாள் அது. துடைத்து முடித்து வந்தவள் வாளியைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள்.

"நாம ரெண்டு பேரு உண்டுல்லா. ஒரு பாத்திரம் பாலு போதும். நாளைக்கே வீட்டுக்குள்ள கேறிரலாம். பிள்ள வரும்போ ஊரைக் கூட்டிச் சோறு போடுங்க, நான் வேண்டாம்னா சொல்லுதேன்?"

நான் அவளுக்குச் சொன்ன காரணங்கள் எல்லாம் நினைவிருக்கின்றன. ஒரே பையன், அவன் சம்பாத்தியமும் சேர்ந்து கட்டின வீடு, அவன் இல்லாமல் எப்படி என்றேன். அண்ணன் என்ன சொல்வார் என்றேன். ஊரார் திருட்டுத்தனமாகக் குடியேறினதாகப் பேசுவார்கள் என்றேன். சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. என் மனதில் அந்த நாள் முழுசாகத் தயாராக இருந்தது. முற்றம் நிறையப் பந்தல், முந்நூறு பேர், பால் பாத்திரத்தோடு மகன் முன்னால் போக, கோடி வேட்டியில் நான் வாசலில் நின்று எல்லோரையும் வாங்க வாங்க என்று கூப்பிடுகிறேன். வாழ்க்கை முழுக்க மற்றவர்களை வண்டியில் ஏற்றி இறக்கினவனுக்கு ஒரு நாளாவது நடுவில் நிற்க வேண்டும் என்று இருந்தது. அந்தப் பெருமைக்காகத்தான் அவளை ஷெட்டில் வைத்திருந்தேன். அவள் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அரிசி களையப் போனாள்.

வயிற்று வலி என்று அவள் சொல்லத் தொடங்கியது அதற்கு இரண்டு மாதம் கழித்து. வாயுவாக இருக்கும் என்று சுக்கு போட்டுக் குடித்தாள். திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப்போனபோது நோய் வெகுதூரம் போயிருந்தது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்தபோது அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பஸ்ஸில் வரும்போது நெய்யாற்றின்கரை தாண்டின பிறகு, எனக்கு எவ்வளவு நாள் என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன். அதில் பொய் இல்லை, டாக்டரும் அப்படித்தான் சொன்னார்.

அப்போதும் நாங்கள் ஷெட்டுக்குத்தான் திரும்பிப் போனோம். இதை எழுதக் கை கூசுகிறது. அவள் தேறட்டும், சிங்ங மாதத்தில், அதாவது ஆவணியில், மகன் வருவான், அப்போது ஜாம்ஜாம் என்று நடத்தலாம் என்று சொல்லி அவளைத் தகரக் கூரைக்குக் கீழேயே படுக்கவைத்தேன். அவள் தேற மாட்டாள் என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான். பஞ்சாயத்திலிருந்து வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ், முதல் நாளே ஷெட்டின் வாசலில் நின்று புது வீட்டை அண்ணாந்து பார்த்தாள். சின்னப் பெண். "இத்றயும் நல்ல வீடுண்டாயிட்டு எந்தினா இவிடெ கிடக்குந்நே?" என்று மலையாளத்தில் கேட்டாள். இவ்வளவு நல்ல வீடு இருக்கும்போது ஏன் இங்கே கிடக்கிறீர்கள் என்று. பால் காய்ச்சவில்லை என்றேன். அவளும் இந்த ஊர்க்காரிதான், வழக்கம் தெரிந்தவள்தான். ஆனாலும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். மருந்து மாற்றிக்கொடுத்துவிட்டுப் போகும்போது, மழை பிடித்துவிட்டது, தகரத்தின் சத்தத்தில் அம்மாவுக்கு எப்படித் தூக்கம் வரும் என்று மட்டும் கேட்டாள்.

அன்றைக்குக் கர்க்கடகம் பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்தில் அது பஞ்ச மாதம், மழையில் வேலையும் வரும்படியும் இல்லாத மாதம். தமிழ்நாட்டில் ஆடிக்குச் சொல்வதையெல்லாம் இங்கே அதற்குச் சொல்வார்கள். கல்யாணம் இல்லை, குடிபோவதில்லை, நல்ல காரியம் எதுவும் தொடங்குவதில்லை. நர்ஸ் போன பிறகு நான் மழையில் முற்றத்துக்கு இறங்கி நின்றேன். இந்தப் பக்கம் ஷெட், அந்தப் பக்கம் வீடு, நடுவில் இருபது அடிகூட இருக்காது. என் புத்தி அப்போதுதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். வராதவர்களுக்காக வந்தவளைக் காக்கவைத்திருக்கிறேன். உள்ளே போய், நாளை மறுநாள் பால் காய்ச்சுகிறோம் என்றேன். அவள் முதலில் நம்பவில்லை.

அண்ணன் இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். அப்பா போன பிறகு குடும்பத்தில் நல்லது கெட்டதுக்கு அவர் வார்த்தைதான். குடையை மடக்காமலேயே வந்து நின்றார். "எலே, கர்க்கடகத்துல ஆராவது பாலு காய்ச்சுவானா? ஒனக்கு கிறுக்கா? சிங்ஙம் பெறக்க இன்னும் எத்தன நாளு உண்டு?"

"அண்ணா, அவளுக்கு சிங்ஙம் கெடையாதாக்கும்" என்றேன்.

அவர் ஷெட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு, நான் அதற்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். என் வாழ்க்கையில் அவர் பேச்சை நான் மீறினது அதுதான் முதல் தடவை.

மகனிடம் சொல்வதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவன் போனில் அழுதான். லீவு உறுதியாகிவிட்டது, டிக்கெட்டும் எடுத்துவிட்டேன், இன்னும் இருபத்திரண்டு நாள், நான் இல்லாமல் கேறாதீங்க அப்பா என்றான். முப்பது வயது தாண்டின பிள்ளை அழுவதைக் கேட்டதும் நான் தடுமாறிவிட்டேன். இருபத்திரண்டு நாள்தானே என்று ஒரு நொடி பழைய புத்தி எட்டிப்பார்த்தது. அதை என் முகத்தில் பார்த்துவிட்டாள் போல. கையை நீட்டி போனை வாங்கினாள். குரல் மெலிந்திருந்தது.

"மக்கா, நீ வரும்போ நான் உள்ள இருந்து கதவு தெறக்கணும். அதுக்காக்கும் இப்பம் கேறுதேன்."

அவன் அதற்குப் பிறகு மறுக்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் நல்ல மழை. பந்தல் இல்லை, ஆள் இல்லை. நான் புது வீட்டில் விளக்கு ஏற்றிவைத்துவிட்டுத் திரும்பி வந்து, ஒரு கையில் குடையும் மறு கையில் அவளுமாக அந்த இருபது அடியைக் கடந்தேன். வாசலில் வலது காலை அவளே எடுத்துவைத்தாள். அடுக்களையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். உள்ளே வந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, மழை கேட்கவில்லையே என்பது. கான்கிரீட் வீட்டுக்குள் மழை அவ்வளவு அடங்கியிருந்தது. பால் பொங்கி வழிந்தபோது கையில் இருந்த கரண்டியால் நாற்காலியின் கைப்பிடியில் இரண்டு தட்டுத் தட்டினாள். டபுள் பெல். நான் சிரிக்கத் தொடங்கி அழுதுவிட்டேன். அவளும் அழுதாள். அழுதுகொண்டே அரிசி எங்கே என்று கேட்டாள்.

அன்றைக்கு அவளேதான் சமைத்தாள். நாற்காலியை அடுப்புப் பக்கத்தில் இழுத்துப் போடச் சொல்லி, உட்கார்ந்தபடியே சோறு வைத்தாள். தேங்காய் போட்ட பயறு தோரனுக்குக் கடுகு தாளிக்கும்போது மட்டும் எழுந்து நின்றாள். கை நடுங்கி, மஞ்சள் விழுந்த எண்ணெய் சுவரில் தெறித்தது. அடுப்புக்குப் பின்னால் வெள்ளை டைல்ஸில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் கறை. நான் பழக்கத்தில் துணியை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"இருக்கட்டும். பதினாலு மாசம் தொடச்சாச்சு. இனி இருந்து பாப்போம்."

அவளுக்கு அந்த வீட்டில் பதினோரு நாள் கிடைத்தது. முதல் மூன்று நாள் அடுப்படிக்கு வந்தாள். பிறகு கட்டிலில் இருந்தே எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். உப்பு கூடிவிட்டால் வாசனையிலேயே கண்டுபிடித்துத் திட்டுவாள். தரையில் நான் மண் காலோடு நடந்தால் ஒன்றும் சொல்ல மாட்டாள். மெத்தையைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையை அவள் சொல்லித்தான் கிழித்தேன். நர்ஸ் அடுத்த வாரம் வந்தபோது ஷெட்டுப் பக்கம் போய்த் தேடிவிட்டு, பிறகு முன்வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொல்லி என் மனைவி அவளுக்கு டீ போட வைத்தாள், என்னைத்தான். வீட்டுக்கு வந்த முதல் விருந்தாளி அந்த நர்ஸ். அண்ணன் எட்டாம் நாள் வந்தார். கட்டில் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போகும்போது அவள் காலைத் தொட்டுவிட்டுப் போனார்.

பதினோராவது நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் அவள் போய்விட்டாள். நான் கஞ்சியைக் கலக்கிக்கொண்டு அடுக்களையில் நின்றிருந்தேன்.

மூன்று தடவை கைகூடாத லீவு ஒரே போனில் கிடைத்தது. கம்பெனியைக் குறை சொல்லவில்லை. சாவுக்கு லீவு உண்டு, வீட்டில் குடியேறுவதற்கு லீவு இல்லை, எல்லா இடத்திலும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். எங்கள் டிப்போவிலும் அப்படித்தான். அன்றைக்கு முற்றத்தில் பந்தல் போட்டார்கள். பால்காய்ச்சுக்கு நான் பேசிவைத்திருந்த அதே ஆள், அதே நாற்காலிகள். நான் மனதில் எழுதிவைத்திருந்த முந்நூறு பேரும் வந்தார்கள், அதற்கு மேலும் வந்தார்கள். நான் நடுவில் நின்றேன். மகன் மறுநாள் மதியம் வந்து சேர்ந்தான். அவனுக்குக் கதவு திறக்க யாரும் வேண்டியிருக்கவில்லை, சாவு வீட்டில் கதவு திறந்தேதான் கிடக்கும். அதைப் பார்த்ததும் அவன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

கர்க்கடகத்தில் பால் காய்ச்சினதால் வந்த வினை என்று பந்தலில் இரண்டு பேர் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. கெட்ட கோபம் வந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பதினாறு நாளில் நானும் ஒரு தடவை அப்படி நினைத்துப் பார்த்தேன். நினைத்துவிட்டு, அந்த மழைக் காலையை மறுபடி எனக்குத் தந்தால் வேறு என்ன செய்வேன் என்றும் யோசித்தேன். அதையேதான் செய்வேன். பதினான்கு மாதம் முன்னால் செய்வேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னால் தீட்டுக் கழிய வீட்டைக் கழுவி விட வேண்டும். அது எனக்கும் தெரியும். முந்தின நாள் காலையில் இலையும் காய்கறியும் வாங்கப் பக்கத்துக் கடைக்குப் போகாமல் வேண்டுமென்றே காட்டாக்கடை சந்தைக்கு பஸ் ஏறினேன். அழுகையும் ஆறுதலும் இல்லாமல் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு மூன்று மணி நேரம் போக வேண்டும் என்று இருந்தது. வீட்டைக் கழுவுவார்களே என்ற நினைப்பு வந்திருந்தால் போயிருக்க மாட்டேன். வரவில்லை.

திரும்பி வந்தபோது வாசலிலேயே லோஷன் வாசனை அடித்தது. தரை ஈரமாகப் பளபளத்தது. மகன் கைலியை மடித்துக்கட்டி, வியர்த்து விறுவிறுத்து அடுக்களையில் நின்றிருந்தான். வந்த நாளிலிருந்து அவன் முகத்தில் இல்லாத ஒரு தெளிவு அப்போது இருந்தது. அம்மைக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை என்று புலம்பிக்கொண்டே இருந்தவன், ஏதோ ஒன்று செய்துமுடித்தவன் மாதிரி இருந்தான்.

"அப்பா, அடுப்புக்குப் பெறத்தால ஒரு மஞ்சக் கற. பெண்ணுங்க ஒரச்சுப் பாத்தும் போகல்ல. நானாக்கும் பிரஷ் வச்சு ஒரு மணிக்கூர் இருந்து எடுத்தேன். அம்மைக்கு வீடு சுத்தமா இருக்கணும்லா."

நான் சுவரைப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. பதினான்கு மாதம் அவள் பூட்டிவிட்டு வருவாளே, அப்படி இருந்தது. நான் தினமும் அந்தக் கறையின் முன்னால் நின்று கஞ்சி வைத்திருக்கிறேன், அதை யாரிடமும் சொல்லிவைக்கவில்லை. அவனிடம் கத்த வேண்டும் போல இருந்தது. அவன் விரல் நுனிகள் தோல் ஊறிச் சுருங்கியிருந்தன.

"நல்லா இருக்கு மக்கா" என்றேன். அந்தக் கறை எப்படி வந்தது என்று அவனுக்கு இன்றைக்கு வரை தெரியாது. சொல்வதில்லை என்று தீர்மானித்து வைத்திருக்கிறேன்.

லீவு முடிந்து போகும்போது அவன், வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடு வாங்க அப்பா என்று கெஞ்சினான். பெரிய வீட்டில் தனியாக என்ன செய்வீர்கள் என்று அண்ணனும் கேட்டார். இரண்டு பேரிடமும் இங்கேதான் இருப்பேன் என்றேன். இன்னொரு தடவை பூட்ட மாட்டேன் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. ஷெட்டை நானே பிரித்துத் தகரத்தைப் பழைய இரும்பு எடுக்கிற ஆக்கர்கடைக்காரனிடம் கொடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது மரச்சீனி, மரவள்ளிக்கிழங்கு, நிற்கிறது.

தினமும் இரண்டு வேளை சமைக்கிறேன். எல்லா அறையிலும் மாறி மாறிப் படுக்கிறேன். தோரனுக்குத் தாளிக்கும்போது நான் ஒதுங்கி நிற்பதில்லை, மஞ்சளையும் கொஞ்சம் தாராளமாகவே போடுகிறேன். எண்ணெய் தெறிக்கிறது, துடைப்பதில்லை. வெள்ளை டைல்ஸில் அங்கங்கே மஞ்சள் புள்ளிகள் விழுந்துவிட்டன. வீட்டில் ஆள் இருப்பது இப்போது பார்த்தாலே தெரிகிறது. ஆனால் அதெல்லாம் என் கையால் தெறித்தது.